தம்பி இருக்கான்

மற்றவர்கள் செய்யும் பிழையில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. பாடப்புத்தகம் போடும் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரூஃப் திருத்துகிறேன். இருபது வருஷமாகச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து உட்கார்ந்து, பேனா கையில் இல்லாத நேரத்திலும் கண் அந்த வேலையைத்தான் செய்கிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒற்று விட்டுப்போன இடத்தைப் பார்ப்பேன். "உன் கண்ணுல நல்லதே படாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். நாள் முழுக்க அடுத்தவர் லேட்டாக வருவதை எழுதிவைக்கிற மனிதர் என்னைச் சொல்கிறார்.

என் மேஜைக்கு நேரே ஜன்னல். அதன் வழியாகப் பக்கத்து வீட்டின் பின்பக்கம் பாதி தெரியும். துணி காயப்போடும் இரும்புக் கம்பம் தெரியும். சமையலறைப் படி சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும். அந்த வீட்டுக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் எட்டு மாதத்துக்கு முன்னால் குடிவந்தார். முப்பது வயதிருக்கும். வந்த மறுநாளே அந்தக் கம்பத்தில் ஒரு பழுப்பு நாயைக் கட்டினார். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

கயிறு என் முழங்கை நீளம்கூட இருக்காது. தண்ணீர்க் கிண்ணம் மத்தியானத்துக்குள் காலி. இரண்டு மணிக்கு மேல் அங்கே நிழல் கிடையாது. பின்னால் ஒரு காலில் முடி கொட்டித் தோல் தெரிந்தது. லிஃப்ட்காரர் காலையில் கட்டிவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். வந்ததும் அவிழ்த்துப் படிப்பக்கம் கூட்டிப்போவார். அங்கே அதற்கு என்ன போடுகிறார், போடுகிறாரா என்பதே எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்பதெல்லாம் அவர் தம்பியிடம் பேசுவதுதான்.

"தம்பி, சாப்பிட்டியாடா? ஏன்டா மிச்சம் வச்சிருக்க? அண்ணன் மேல கோவமா?"

அந்தத் தம்பியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ராத்திரி வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிற பையனாக இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவனை அப்படித் தாங்குகிறவர் கம்பத்தில் கட்டிய பிராணியைத் திரும்பிப் பார்ப்பதில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பியைக் கொஞ்சுகிற கொஞ்சல் என்ன, நாயை வைத்திருக்கிற லட்சணம் என்ன என்று வீட்டுக்காரரிடம் தினமும் ஒரு பாட்டு பாடுவேன்.

"அதை அவர்கிட்டயே சொல்லேன்," என்பார்.

"சொன்னா திருந்துற மூஞ்சியா அது?"

"மூஞ்சிய நீ எப்ப பாத்த? ஜன்னல்லேருந்து முதுகுதான தெரியும்."

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் புரூஃப் எப்போது முடிப்பது? காய்கறிக்காரரிடம் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன், என் தங்கையிடம் போனில் மூச்சுவிடாமல் சொன்னேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது. "அக்கா," என்றார். எட்டு மாதத்தில் என்னை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வேலை விஷயமா நாளைக்கு வெளியூர் போறேங்க்கா. செவ்வாய்க்கிழமைதான் வருவேன். தம்பி இருக்கான். சாப்பாடெல்லாம் காலையில எடுத்து வச்சிட்டுப் போயிடறேன். கொஞ்சம் பாத்துக்கங்க."

உள்ளே அறிவியல் பாடம் பதினாறு பக்கம் காத்துக்கிடந்தது. "சரி, சரி," என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊருக்குப் போகிற எல்லோரும் பக்கத்து வீட்டில் சொல்வதுதானே. கதவைப் பாருங்கள், குழாயைப் பாருங்கள், யாராவது வந்தால் பாருங்கள். வளர்ந்த தம்பிக்குச் சமைத்து வேறு வைத்துவிட்டுப் போகிறாராம் என்று உள்ளே வந்து முகத்தைச் சுளித்தேன்.

மறுநாள் காலை என் பின்வாசல் படியில் வாய் கட்டிய ஒரு சாக்குப்பை கிடந்தது. வீடு காலி செய்த குப்பை மாதிரி இருந்தது. போகிறபோது தன் மூட்டையை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாரே என்று கோபம் வந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கி அவர் பக்கமே சுவருக்கு மேல் போட்டேன். மனதுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க நாய் குரைத்தது. அவிழ்க்க யாரும் வரவில்லை. சனிக்கிழமை காலையிலும் கம்பத்தில்தான் நின்றது, கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. அண்ணன் இருக்கும்போதே அந்த அழகு, தம்பி கையில் விட்டால் கேட்கவா வேண்டும்? பிராணிகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். திங்கள் காலை வருகிறோம், அதுவரை பார்ப்பதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள் என்றார்கள். எழுதுவதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும். வீட்டு நம்பர் போட்டு, அண்ணன், தம்பி இருவர் மேலும் புகார் எழுதினேன். ஒரு சந்திப்பிழைகூட இல்லாத புகார்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. சுவர் மேலாக ஹோஸ் பைப்பைப் பிடித்து அதற்குத் தண்ணீர் காட்டினேன். ரொட்டித் துண்டுகளை வீசினேன். இரண்டு அதற்கு எட்டின, மற்றவை எட்டவில்லை. அவர்கள் காம்பவுண்டுப் பின்கதவு பூட்டியிருக்கும் என்று நினைத்தேனே தவிர தள்ளிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்து ஆள் வந்து பார்க்கும்போது நாய் வயிறு நிறைந்து படுத்திருந்தால் என் பேச்சு எடுபடாதே என்றும் ஒரு நினைப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அது குரைக்கவில்லை. அதையும் நேரம் போட்டு எழுதினேன்.

திங்கள் ஒன்பது மணிக்கு வேன் வந்தது. தொப்பியும் தடித்த பூட்சும் போட்ட அதிகாரியம்மா இறங்கினார். என் புகாரைப் படித்துவிட்டு, "இவ்ளோ தெளிவா யாரும் எழுதினதில்ல," என்றார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அவர் பின்கதவைத் தள்ளினார். அது திறந்துகொண்டது. வெறும் கொக்கிதான் மாட்டியிருந்தது.

நாய் எழுந்து நின்று வாலாட்டியது. அதற்கே அதன் கால்கள் நடுங்கின. அதிகாரியம்மா விலாவைத் தடவிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். சமையலறைக் கதவைத் தட்டித் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி வரவில்லை. கதவில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து லிஃப்ட்காரருக்கு நாலு தடவை போன் போட்டார். எடுக்கவில்லை.

"மூணு நாள் பட்டினி. வீட்ல ஆளு இருந்தும் பாக்கல. இன்னிக்கே எடுத்துட்டுப் போறேன்," என்றார். "திரும்பக் குடுக்கறது கஷ்டம்தான்." கூண்டு எடுக்க வேனுக்குப் போனார்.

நானும் நாயும் நின்றோம். வெள்ளிக்கிழமை நான் எறிந்த சாக்குப்பை சுவரோரம் வாய் பிரிந்து கிடந்தது. உள்ளே பொட்டலம் பொட்டலமாக நாய்த் தீனி. ஒரு மருந்து ட்யூப், ஒரு சாவி, நான்காக மடித்த ஒரு காகிதம்.

"அக்காவுக்கு. தம்பிக்கு காலைல ஒரு டம்ளர், சாய்ங்காலம் ஒரு டம்ளர். பின்னங்கால்ல மருந்து தடவனும், நக்காம பாத்துக்கங்க. இடி இடிச்சா பயப்படுவான், உள்ள விட்டுடுங்க. ரொம்ப நண்றி."

பழக்கதோஷம், முதலில் பிழைதான் கண்ணில் பட்டது. தடவனும், நண்றி. அடுத்தது "பின்னங்கால்". மனிதருக்கு அந்தச் சொல் வராதே, வெறும் கால் என்று திருத்த வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாயைப் பார்த்தேன். "தம்பி," என்றேன் மெதுவாக. அதன் காது சட்டென்று நிமிர்ந்தது.

எட்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அதன் பெயர் தெரியவில்லை.

வேனில் கூண்டை இறக்குகிற சத்தம் கேட்டது. காகிதம் என் கையில்தான் இருந்தது, வேறு யாரும் பார்க்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டால் முடிந்தது. இந்தக் குட்டைக் கயிற்றிலிருந்து நாய்க்கும் விடுதலை. நல்லதுக்குத்தானே என்று மனசு வக்காலத்து வாங்கியது. செருகியும்விட்டேன். ஆனால் நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அவர் வந்து, "தம்பி, சாப்பிட்டியாடா?" என்று காலிப் பின்வாசலில் கூப்பிடுவார். என் மேஜைக்கு அது நன்றாகக் கேட்கும். ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்துகிறவரும் இல்லை அவர்.

அதிகாரியம்மா கூண்டோடு வந்ததும் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"யாரு இந்த அக்கா?"

"நான்தான்."

"அப்ப தம்பிங்கறது..."

"இவன்தான்."

அவர் தொப்பியைக் கழற்றினார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப மூணு நாளா நீங்கதான பாத்துக்கணும்?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றேன். சொன்ன பிறகு எனக்கே அழுகை வந்தது.

அவர் முதலில் டம்ளரில் பாதி அளந்து போடச் சொன்னார். பட்டினி வயிற்றுக்கு ஒரேயடியாகப் போடக் கூடாதாம். போட்டேன். தம்பி மென்றானா விழுங்கினானா தெரியவில்லை, தட்டு காலியாகிவிட்டது. பிறகு என் கையை நக்கினான். அவனுக்கு என் மேல் ஒரு கோபமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கயிறும் நிழலும் நீங்க எழுதினது சரிதான். அதை அவர்கிட்ட நான் கண்டிச்சுச் சொல்றேன். கால் புண்ணுக்கு அவர் மருந்து போட்டுட்டுத்தான் இருந்திருக்காரு," என்றார் அதிகாரியம்மா. "புகாரை வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"வேணாம். திருத்தித் தரேன்."

பட்டினி என்று எழுதியிருந்த பத்திக்கு மேல் லிஃப்ட்காரர் வீட்டு நம்பரை அடித்துவிட்டு என் வீட்டு நம்பரை எழுதினேன். 'தம்பி ஒருவர் வீட்டில் இருந்தும்' என்ற வரியை முழுதாக அடித்தேன். கையெழுத்துப் போடும்போது அதிகாரியம்மாவின் போன் அடித்தது. லிஃப்ட்காரர்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த அதிகாரியம்மா, என்னைப் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

"நான் பக்கத்து வீட்டு அக்கா பேசறேன்."

"அக்கா, தெரியாத நம்பர்லேருந்து நாலு கால் வந்திருந்துச்சு. லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேன், சிக்னல் இல்ல. தம்பி சாப்பிட்டானாக்கா?"

"இப்பத்தான் சாப்பிட்டான். மூணு நாளா சாப்பிடல. நான் போடல."

அந்தப் பக்கம் எங்கோ இரும்பில் சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"ஏங்க்கா, என்ன ஆச்சு?" என்றார். குரல் பதறியது. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அவருக்கும் ஏதாவது காரணம் இருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா," என்றேன்.