மேசை ஓரத்து ரப்பர்

கெடா மாநிலத்தில் லூனாசுக்கு இரண்டு மைல் தள்ளி, ரப்பர் எஸ்டேட் முச்சந்தியில் என் கடை. இல்லாத சாமானை யார் கேட்டாலும் "நாளைக்கு வந்துடும்" என்பேன். கடையில் அதிகமாகப் போன சரக்கு அதுதான். எங்கள் வாப்பா பினாங்கில் துணி வியாபாரம். வீட்டில் சோற்றுக்குக்கூட பேரம் நடக்கும். இன்னொரு கரண்டி கேட்டால் உம்மா அரைக் கரண்டியில் ஆரம்பிப்பார். அப்படி வளர்ந்த வாய் இது. அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன்.

துரை பங்களாவில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. மேலே பச்சைத் துணி. நாலு ஓரத்திலும் துணிக்கு உள்ளே ரப்பர். பந்து ஓரத்தில் மோதினால் அந்த ரப்பர்தான் அதைத் திருப்பி அனுப்பும். கெடா வெயிலில் பத்து வருஷம் கிடந்து அது எலும்பாகிவிட்டது. பந்து போய் 'டொக்' என்று முட்டி, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல அங்கேயே உட்கார்ந்துவிடும்.

துரை ஆள் அனுப்பினார். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து ஆட்களிடம் தமிழ் கற்றவர், அவர்கள் பேச்சுதான் அவருக்கும் வரும்.

"கவுஸ், ரப்பர் செத்துப் போச்சு. அடுத்த மாசம் அலோர் ஸ்டார்லேருந்து பத்து துரைங்க விளையாட வர்றாங்க. புது ரப்பர் கிடைக்குமா?"

"வந்துடும் துரை. சீமை ரப்பர். பினாங்குல நமக்குத் தெரிஞ்ச கடை."

பினாங்கில் நாலு கடை ஏறினேன். நாலாவது கடைச் சீனர் சிரித்தேவிட்டார். லண்டனுக்கு எழுதிப்போட்டு, கப்பலில் வர மூன்று மாதம் ஆகுமாம். திரும்பி வந்து அதைச் சொல்லியிருக்கலாம். துரை என்னைக் கடித்துத் தின்றிருக்க மாட்டார். ஆனால் 'இல்லை' என்ற சரக்கு என்னிடம் எப்போதும் இருந்ததில்லை.

வரும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் ரப்பர் மரம். சீமைக்குப் போவதே இங்கிருந்துதானே, அது எதற்குக் கப்பல் ஏறிப் போய்த் திரும்பி வரவேண்டும் என்று தோன்றியது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு நேரே புகைக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே இருளப்பன் வேலை செய்தான். உறைந்த ரப்பர் பாலை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுப் புகை போடுவது அவன் பொறுப்பு. விரலால் தொட்டே எத்தனை நாள் புகை குடித்த ஷீட் என்று சொல்லிவிடுவான். எஸ்டேட்டில் எல்லாரையும் போல அவனும் என்னை 'நானா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவான்.

"நாலு ஷீட்டா? எதுக்கு நானா?"

"துரை மேசைக்கு."

"துரைக்குத் தெரியுமா?"

"அவர் சொல்லித்தானே வந்தேன்!"

அவனிடம் சொன்ன முதல் பொய் அது. ஒரு பெருமூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

இருளப்பன் தலையைச் சொறிந்தான். "இது பச்சை ரப்பர் நானா. சீமையில கந்தகம் போட்டு வேக வைப்பாங்களாம். வேகாதது பத்து நாள் துள்ளும், அப்புறம் வெயிலுக்கு இளகிப் பாகாயிடும்."

"பத்து நாள் போதும்லா. விருந்து ஒரு நாள்தானே."

"நீங்க பொண்டாட்டி கட்டினதும் இப்படி யோசிச்சுத்தானா?"

"மெதுவாப் பேசு, கைருன்னிசா காதுல விழுந்துடப் போவுது."

சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தான். ஷீட்டுகளை அடுக்கினான். புதிதாக வெட்டிய பச்சை ரப்பர் பசையில்லாமலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கல் ஏற்றி அழுத்தினான். கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, பழைய ரப்பரை அளவு வைத்து முக்கோணப் பட்டைகளாக அறுத்தான். பங்களாவில் போய் மேசைக்கு அடியில் திருகாணிகளைக் கழற்றி, ஓரத்துக் கட்டைகளில் அவற்றைப் பதித்தான்.

"கொஞ்சம் கீழே வையேன், பார்க்க அழகா இருக்கும்" என்றேன்.

"பந்தோட பாதிக்குக் கொஞ்சம் மேலே இடிக்கணும் நானா. கீழே இடிச்சா பந்து எகிறித் துரை மூக்குல விழும்." பழைய ஓரத்தில் பந்தை இரண்டு தடவை உருட்டிப் பார்த்தே இதைக் கண்டுபிடித்திருந்தான்.

விருந்தன்று பந்து துள்ளிற்று. துரை ஓரத்தைத் தட்டிக் காட்டி, வேலையாட்களும் கேட்கட்டும் என்று தமிழிலேயே, "லண்டன் ரப்பர்! இந்த மாதிரி நம்ம ஆளுங்க செய்ய முடியுமா?" என்றார். பத்து துரைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வராந்தாவில் திருப்புளியோடு நின்ற இருளப்பன் என் பக்கம் சாய்ந்தான்.

"சீமை ரப்பர்ங்குறாரே நானா?"

"விளையாட்டுக்குச் சொல்றாரு."

சொல்லிவிட்டுப் பிரியாணி வாங்கப் போய்விட்டேன்.

பத்து நாளில்லை, இருபது நாள் தாங்கிற்று. பிறகு வெயில் ஏறியது. ஒரு மத்தியானம் பந்து ஓரத்தில் போய்ப் புதைந்து ஒட்டிக்கொள்ள, துரை ஓரத்துத் துணியைக் கிழித்துப் பார்த்தார். என்னையும் இருளப்பனையும் வரச்சொன்னார். அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்த ரப்பரின் உள்ளே வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். எஸ்டேட்டின் முத்திரை, உருளையில் போகிற ஒவ்வொரு ஷீட்டிலும் பதிவது.

"என் ரப்பர்," என்றார் துரை. "யாரு எடுத்தது?"

நான் யோசிக்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. வாய் தானாகப் பேசிற்று: "துரை, நான் சீமை ரப்பரைத்தான் மாட்டச் சொல்லி இவன்கிட்டக் குடுத்தேன்."

இருளப்பன் திட்டவில்லை. "நானா" என்றான் ஒரு தடவை. தூரத்தில் போகிற யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. அதற்குமேல் துரை எதையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் லயத்தைக் காலி செய்யவேண்டும், இல்லாவிட்டால் போலீஸ்.

பாய்ச்சுருட்டு, சட்டிபானை, கூடையில் ஒரு கோழி. அதோடு அவர்கள் கடை வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. இருளப்பன் நிற்காமல் நடந்தான். அவன் பெண்டாட்டி மருதம்மாள் மட்டும் கடைவாசலுக்கு வந்தாள்.

"அந்த எஸ்டேட்டை ஏன் விட்டீங்கன்னு போற இடத்துல கேப்பாங்க நானா. நாங்க என்ன சொல்றது? நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே, ஒண்ணு சொல்லிக் குடுங்க."

நான் காலியாக இருந்த தராசுத் தட்டைத் துடைத்தேன். அவள் கோழிக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் விடிந்ததும் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திருடியதைவிட, பத்து துரைகள் முன்னால் லண்டன் ரப்பர் என்று அவரைப் பீற்றவிட்டதுதான் அவருக்கு எரிந்தது. கத்தி முடித்துவிட்டு, "இருளப்பனை வரச்சொல்லு" என்றார்.

லூனாசில் உறவுக்காரர் வீட்டில் இருந்தார்கள். நல்ல சேதி கொண்டுவருகிற தோரணையில் போனேன்.

"துரை மன்னிச்சுக் கூப்பிட்டாருன்னுதானே லயத்துல சொல்வாங்க?" என்றான் இருளப்பன். "நான் வரணும்னா, பெரட்டுல வந்து சொல்லுங்க."

பெரட்டு என்றால் விடியற்காலையில் கங்காணி பேர் கூப்பிடுகிற இடம். முந்நூறு பேர் நிற்பார்கள்.

"துரைகிட்டயே சொல்லிட்டேனே. வேணும்னா கங்காணிகிட்டயும் தனியாச் சொல்லிடறேன்..."

"இதுலயும் பேரமா நானா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அடுத்த நாள் பெரட்டுக்களத்தில், தோட்டத்துக்குப் போகும் படிமேல் ஏறி நின்றேன். இருளப்பனும் மருதம்மாளும் கடைசியில், சாக்கடை ஓரமாக நின்றார்கள்.

"ரப்பரைத் திருடினது இருளப்பன் இல்லை. நான்."

முந்நூறு பேரும் சிரித்தார்கள்.

"காலங்காத்தாலயே நானா ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்றார் கங்காணி பழனியாண்டி.

"ரப்பரை மட்டுந்தானா நானா? துரையம்மா மனசை விட்டுட்டீங்களே!" என்று கத்தினாள் பால்வெட்டுக்காரி அழகம்மா.

அதற்குப் பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நல்ல பதில். சொல்லியிருந்தால் களமே சிரித்து உருண்டிருக்கும். நானும் சிரித்தபடி இறங்கி, சொல்லியாகிவிட்டது என்று கடைக்குப் போயிருப்பேன். அதை விழுங்கினேன். விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

முதலிலிருந்து சொன்னேன். பினாங்கில் கிடைக்காதது, துரைக்குத் தெரியும் என்று இருளப்பனை ஏய்த்தது, பங்களாவில் அவன் தலையில் போட்டது, எல்லாம். முன் வரிசையில் சிரிப்பு நின்றது, பிறகு அதற்குப் பின்னால். யாரோ காறித் துப்பினார்கள். பழனியாண்டி பதிவேட்டைத் திறந்து, என்னைப் பார்க்காமல் பேர் கூப்பிட ஆரம்பித்தார். இருளப்பன் பேர் வந்தபோது அவன் குரல் கொடுத்துவிட்டுப் புகைக்கூடத்துப் பக்கம் நடந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

நான் படியிலேயே நின்றேன். வாளியும் கத்தியுமாக ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். அழகம்மா எதிரே வந்து நின்றாள். கேலி செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். செய்திருந்தால் தேவலாம்.

"வழியை விடுங்க நானா. வெயில் ஏறினா பால் வராது."

நகர்ந்து நின்றேன்.