மூன்றாவது துணி

பீரோவின் மேல்தட்டிலிருந்து இரண்டு பைகளை இறக்கிக் கட்டிலில் வைத்தாள் மெகருன்னிசா. மூன்று வருஷத்துக்கு முன் ஹஜ்ஜுக்குப் போனபோது, அவளும் கணவர் சேக் பரீதும் தங்களுக்கென்று வாங்கிய கபன் துணிகள், இறந்தபின் உடம்பில் சுற்றுவதற்கு. மக்காவின் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, தங்கிய அறையிலேயே கொடி கட்டிக் காயவைத்தது. பச்சைப் பை அவருடையது, நீலம் அவளுடையது.

பச்சைப் பை லேசாக இருந்தது. பிரித்துப் பார்த்தாள். ஆண்களுக்கு மூன்று துணி. இரண்டுதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சுற்றுகிற பெரிய துணியைக் காணோம்.

"அம்மா, அத்தாவைக் குளிப்பாட்ட ஆரம்பிச்சுட்டாக. பள்ளிவாசல் அஜரத்து துணி கேக்குறாக." மகன் நௌஷாத் கதவருகில் நின்றான். காலையில் போன் போனதும் தேனியிலிருந்து ஓடி வந்தவன்.

"எடுத்துட்டு வாரேன். நீ போ."

அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. விடிகாலையில் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்த கணவர், பூனைக்குப் பால் ஊற்றினார், நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான். அதிலிருந்து அவளுக்குக் காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. யார் என்ன சொன்னாலும் தூரத்தில் கேட்டது.

பீரோவை மறுபடி ஒருமுறை துழாவினாள். பிறகு என்னவோ தோன்றி, பின்கட்டு அறைக்குப் போனாள்.

மூலையில் வாழைக்காய்க் கூடை. அவருடைய மண்டியில் எலி பிடித்துத் திரிந்த சினைப் பூனை, ஆளை அண்டவே விடாதது, லாரிக்கு அடியில் போய்ப் படுக்கிறது என்று அந்தக் கூடையைக் கவிழ்த்துத்தான் பிடித்து வந்தார். கையெல்லாம் கீறல். இப்படி அவர் கொண்டுவந்ததில் இது ஐந்தாவது. இதற்கு முந்தியவற்றின் குட்டிகளை இங்க் பில்லரில் பால் புகட்டி வளர்த்து, உத்தமபாளையத்தில் பாதி வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று.

நாலு நாளைக்கு முன், அடைமழையில், நாலு குட்டி. கீழே அவருடைய பழைய கைலி. முந்தாநாள், பூனை வெளியே போன நேரம், நாற்றம் தாங்கவில்லை என்று மெகருன்னிசாதான் அதை உருவிக் குப்பையில் எறிந்தாள். "இனிமே என் பீரோவுல ஒரு துணியைத் தொடக்கூடாது, ஆமா" என்றும் சொன்னாள்.

"சரி மெகரு" என்றார்.

கூடைக்குள் வெள்ளைத் துணி, நாலாக மடித்து. அதன்மேல் கண் திறக்காத குட்டிகள். பூனை தலையைத் தூக்கிச் சீறியது.

அந்தப் பீரோவில், அவளிடம் கேட்காமல் எடுக்க அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"இங்கன என்ன மதினி நிக்கிறீக?" பின்னால் வந்த பாஜிலா எட்டிப் பார்த்தாள். அவருடைய தங்கை. "யா அல்லா! எங்க அண்ணன் கபனா? உருவுங்க, அலசிப் போட்டுக்கலாம்."

குனிந்தவளின் கையை மெகருன்னிசா பிடித்தாள். "தொடாத. தொட்டா குட்டிகளைக் கவ்விட்டுப் போயிரும். வெளிய மழை."

"அதுக்காக? மக்கத்துத் துணி இல்லாமயா எங்க அண்ணனை அனுப்புவீக?"

மெகருன்னிசா அறைக்குத் திரும்பி நீலப் பையைப் பிரித்தாள். பெண்களுக்கு ஐந்து துணி. பெரியதை உருவி, அவருடைய இரண்டோடு சேர்த்து நௌஷாத்திடம் நீட்டினாள்.

"இது உங்க பையில இருந்ததுல்லம்மா?"

"பெருசு ரெண்டும் ஒரே அளவுதான். கொண்டு போ."

"அப்ப உங்களுக்கு?"

"கம்பத்துல துணிக்கடையா இல்ல?"

சாயங்கால அஸர் தொழுகைக்கு, அவரைக் கிடத்திய சந்தூக் கிளம்பியது. அவளுடைய துணியைச் சுற்றிக்கொண்டு அவர் போனார். தூக்கிப்போன ஆண்கள் ஓதிய கலிமாவின் சத்தம் தெருமுனை திரும்பியதும் நின்றது. "அழுதுருங்க மதினி, நெஞ்சுல வச்சுக்கிறாதீக" என்றாள் பாஜிலா. மெகருன்னிசா தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.

காலையில் அவர் ஊற்றிய பால் காலியாகியிருந்தது. கிண்ணத்தைக் கழுவி, பால் ஊற்றி, கூடைக்குச் சற்றுத் தள்ளி வைத்தாள். பூனை சீறியது.

பின்கதவு சாத்தியிருந்தது. பூனை போய்வர அவர் அதைத் திறந்து வைப்பதும், சாரல் அடிக்கிறதென்று அவள் சாத்துவதும் தினமும் நடப்பதுதான். அவர் முட்டுக் கொடுக்கிற பழைய எடைக்கல் அங்கேயே கிடந்தது. கதவை ஒரு சாண் திறந்து, கல்லைக் காலால் தள்ளி வைத்தாள்.

சாரல் உள்ளே அடித்தது. தரை நனைந்தது. அவள் துடைக்கவில்லை.