பூவாயி படத்துக் கேமரா

மனைவி ரேணுகா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஜெகதீசன் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி அம்மா பூவாயியின் படத்துக்குப் பின்னால் கைவிட்டான். கேமரா கட்டைவிரல் நகம் அளவுதான். படத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலையில், நெற்றிக்கு மேலே இருந்த சாமந்திப் பூவின் நடுவைக் கத்தரித்து அதைச் செருகினான். வயரை, படத்தைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்த சீரியல் பல்பு வயரோடு சேர்த்து முறுக்கிவிட்டான். மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளில் கேமரா மாட்டுவதுதான் அவன் தொழில். ஊரான் சுவரில் ஒரே தடவையில் துளை போடுகிறவன், கருங்குழியில் சொந்த வீட்டுப் பூவில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேலை செய்தான். படத்தின் அடிச்சட்டம் ஊறி உப்பியிருந்தது. சுவர் ஓதம் என்று நினைத்துக்கொண்டான்.

கீழே, பூவாயியின் கட்டில் கிடந்த இடத்தில், ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தன. செத்தவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்று வைப்பது. கருமாதி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், ஆனால் ரேணுகா எடுக்கவிடவில்லை. வேலை முடிந்து அவன் வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

"வந்து பாரு. காலைல கழுத்து வரிக்கும் ஊத்தனேன். இப்ப அடில கீது."

"பூன குடிச்சிருக்கும்."

"பூன குடிச்சா தரைல ஒரு சொட்டாவது சிந்தி இருக்காதா? உங்கம்மா தாகத்தோட போச்சி. அதான் வூட்ட வுட்டுப் போவல." செம்பைத் தொட்டுக் காட்டும்போது அவள் விரல்கள் உதறும். "இந்த ஞாயித்துக்கெழம நான் படாளம் போறேன், எங்கம்மா வூட்டுக்கு. திரும்பிலாம் வரமாட்டேன். இங்கியே இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

பூவாயிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிஸ் செய்ய செங்கல்பட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெகதீசன் ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு ரேணுகாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். பகலெல்லாம் தண்ணீர் கேட்ட கிழவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது ரேணுகாதான்.

பூனையோ வெயிலோ, ஏதோ ஒன்றைப் படம் பிடித்துக் காட்டிவிட்டால் அவள் போகமாட்டாள் என்று அவன் நம்பினான். சொல்லிவிட்டு மாட்டினால் செத்தவங்க படத்துல இதெல்லாம் கூடாது என்பாள். அதனால்தான் ஒளித்து வைத்தான்.

மறுநாள் மதியம், கடலை ஒட்டிய ரிசார்ட்டின் மதில் மேல் உட்கார்ந்து அவனும் கூட வேலை செய்யும் தமிழ்வாணனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மச்சான், சோத்தப் பாக்காம போனயே பாத்துகினு கீற?"

"எங்க வூடு."

"வூட்லயே கேமராவா? தங்கச்சி மேல டவுட்டா?"

"பூன மேல டவுட்டு."

"அப்ப பூனைக்கும் ஒரு போனு வாங்கிக் குடுத்துடு. வீடியோ கால்லயே கேட்டுக்கலாம்." தமிழ்வாணன் சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைக் கழுவப் போனான்.

கோணத்தைத் தப்பாக வைத்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. செம்பைப் பார்க்க வேண்டிய கேமரா கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அம்மா பார்க்கிற மாதிரியே. செம்பின் விளிம்பு மட்டும் அடியில் கொஞ்சம் தெரிந்தது. கழற்றி ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு இடத்தில் மாட்டலாம் என்று யோசிக்கும்போதே திரையில் ரேணுகா வந்தாள்.

விளக்குக்கு எண்ணெய் விட்டாள். செம்பை எடுத்துக்கொண்டு அதே பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினாள். அவள் முகம் திரை முழுக்க வந்து, நேராக அவனைப் பார்த்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் அவள் அவனைப் பார்த்ததில்லை. ஒரு ஸ்பூன் தண்ணீர், அம்மாவின் வாய் இருக்கும் இடத்துக்கு உயர்ந்தது. வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் ஒரு ஸ்பூன். ஊறிய சட்டம் அவன் நினைவுக்கு வந்தது.

அவளுடைய சாயங்கால நடுக்கம் நடிப்பில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் மதியம் ஊட்டுகிறவள் யார், பொழுது சாய்ந்ததும் பயப்படுகிறவள் யார்? சத்தத்தைக் கூட்டிக் காதருகே வைத்தான்.

"அவரு கோடு போட்டுக் குட்த்துட்டுப் போய்ட்டாரு அத்த. நான் கோட்டப் பாத்தேன், உன் வாயப் பாக்கல. இப்பதான் கோடு இல்லயே. குடி." வழிந்ததை மறுபடியும் துடைத்தாள். "போதும்னு ஒரு வார்த்த சொல்லேன். நான் நிறுத்திக்கறேன்."

அந்தக் கேமராவில் பேசவும் முடியும். திரையின் மூலையில் இருக்கும் மைக்கை அழுத்திக்கொண்டு பேசினால் வீட்டில் படத்திலிருந்தே கேட்கும். தன் குரலில் சொன்னால், ஒளிந்து பார்த்தது தெரிந்துவிடும். இன்றைக்கே படாளம் பஸ் ஏறிவிடுவாள். அம்மாவின் குரலில் சொல்லலாம். கடைசி நாட்களில் இழுத்து இழுத்து வந்த அந்தக் குரல் அவன் தொண்டைக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தைதான். ரேணுகா மறுபடியும் ஸ்பூனை முக்கினாள்.

அவன் அழுத்தினான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

மதிலுக்குக் கீழே ஒரு பெரிய அலை கற்களில் மோதி, நுரைத்து, சரளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. அதன் மேலேயே அடுத்தது விழுந்தது.

கருங்குழியில் ரேணுகாவின் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. மெல்லக் காதைப் படத்தோடு வைத்துக் கேட்டாள். அவள் முகத்தில் பயமே இல்லை. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டவளின் முகம் அது.

"இவ்ளோ தாகமா அத்த," என்றாள். "இரு. வரேன்."

நாற்காலியிலிருந்து இறங்கிச் சமையலறைக்குள் போனாள். அவன் கட்டைவிரல் மைக்கை விட்டு எழவில்லை. காலிக் கூடத்தில், அம்மாவின் படத்துக்குள்ளிருந்து கடல் சத்தம் அலை மேல் அலையாக அடித்துக்கொண்டே இருந்தது. அவள் திரும்பி வந்தபோது இடுப்பில் பெரிய பித்தளைக் குடம் இருந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கித் தோளில் ஏற்றி, ஒரு காலை நாற்காலி மேல் வைத்தாள். குடத்தின் வாயில் தண்ணீர் தளும்பித் தளும்பித் திரையை நெருங்கி வந்துகொண்டிருந்தது.