பின்னமும் ஜன்னல் ராணியும்

கணக்கு டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. புரியவில்லை என்று யாராவது சொன்னால், சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். பின்னம் நடத்திய வாரத்தில் பக்கத்து வகுப்புக்கே பின்னம் வந்துவிட்டது. கடைசி பெஞ்சு ஜன்னல் ராணிக்குத்தான் வரவில்லை.

பாடவேளையெல்லாம் ஜன்னலையே பார்ப்பதால் டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் அது. அவளை ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அங்கே அவளுடைய சொந்தத் தங்கை படிக்கிறாள். டீச்சர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

சாப்பாட்டு இடைவேளையில் டீச்சர் வகுப்புக்கு வந்தபோது, ராணி ஜன்னல் இடுக்கில் ஒரு தாளைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"காத்தடிச்சா கடகடன்னு ஆடுது டீச்சர். தாளைப் பாதியா மடிச்சேன், லூசா இருந்துச்சு. அதையும் பாதியாக்கினேன், இன்னும் பத்தல."

டீச்சர் திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் ஆர்வம் முந்திக்கொண்டது. "இப்ப கையில இருக்கிறது முழுத்தாள்ல எவ்வளவு?"

"காவாசி."

"இன்னொரு தடவை மடிச்சா?"

மடித்துச் செருகி, ஜன்னலை ஆட்டிப் பார்த்தாள். "எட்டுல ஒண்ணு. இப்ப ஆடல பாருங்க!"

இதே கணக்குக்குப் பரீட்சையில் முட்டை வாங்கியவள்! டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எப்படி என்று பார்த்தே தீரவேண்டும் போலிருந்தது.

மதியம் எல்லார் கையிலும் தாளைக் கொடுத்து, மடித்துப் பின்னம் சொல்லச் சொன்னார். சிலருக்குப் பளிச்சென்று விளங்கியது. வேடிக்கை என்னவென்றால், எப்போதும் முதல் மார்க் வாங்கும் பெண், "போர்டுலயே போடுங்க டீச்சர், இது குழப்புது" என்று அழாக்குறையாகச் சொன்னாள். இன்னொருத்தன் மடிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை; பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே தானும் புரிந்துகொண்டான். இத்தனை வருஷமாக இவர்களையெல்லாம் ஒரே ஆளாக நினைத்துக் கத்திக்கொண்டிருந்தோமே என்று டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது.

சாயங்காலம் தலைமையாசிரியை பேனாவை நீட்டினார்.

"போடமாட்டேன் மேடம். அவளுக்குக் கணக்கு வருது. நான் சொல்ற விதத்துலதான் வரல."

"நல்லா இருக்கே! நாப்பது பிள்ளைக்கு நாப்பது விதமாவா நடத்துவீங்க?"

"நாலு விதமாவது நடத்திப் பாக்கறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மாதிரி புரியும் மேடம். அதைக் கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலை. அந்த வேலையைச் செய்யாததுக்கு யாரையாவது கீழ் வகுப்புக்கு அனுப்பணும்னா, முதல்ல என்னை அனுப்புங்க."

தலைமையாசிரியை நீட்டிய பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார்.