சலூன்காரரின் பள்ளம்

போரிலிருந்து திரும்பிய சலூன்காரர் திடுக்கிட்டால், அவர் நிற்கிற இடத்தில் தரை இடுப்பளவு பள்ளமாகிவிடும். சிமெண்ட், டைல்ஸ் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. வீடு திரும்பிய அன்றே முதல் பள்ளம் விழுந்தது. அடுக்களையில் ஒரு தட்டு கை தவறியது, அவ்வளவுதான். பஸ் கண்டக்டரான மனைவி எட்டிப் பார்த்தபோது, புருஷன் உள்ளே தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்தியிருந்தார். கை கொடுத்து மேலே இழுத்தாள். தோண்டப்பட்ட மண் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாததால், மூடுவதற்கு வெளியிலிருந்துதான் மண் கொண்டுவர வேண்டியிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை வேலையாயிற்று.

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, "சண்டைதான் முடிஞ்சு போச்சேங்க" என்றார்.

"எனக்குத் தெரியும் டாக்டர். தரைக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல."

சலூனில் கூட்டம் குறையவில்லை. தெருவில் டயர் வெடித்தால் சவரக்கத்தியோடு கீழே போய்விடுவார். முகமெல்லாம் நுரையோடு இருப்பவர் பேப்பர் படித்தபடி காத்திருப்பார். யாருக்கும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. அவருடைய நடுக்கத்தையெல்லாம் தரை வாங்கிக்கொள்கிறது என்று ஊர் நம்பியது. வருஷங்கள் ஓடின. பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்துகிற மனைவி, வீட்டில் தூங்குகிற பூனை காதை அசைக்காதபடி கதவு சாத்தப் பழகினாள்.

மேஸ்திரி வேலை பார்த்த அவளுடைய தம்பிக்குத்தான் புத்தி வேறு பக்கம் போனது. "மாமா, சும்மா வந்து காத்து வாங்கிட்டுப் போங்க" என்று வீடு கட்டும் மனைக்குக் கூட்டிப்போவான். பின்னால் நின்று தகர டின்னை ஓங்கித் தட்டுவான். அஸ்திவாரக் குழி தயார். மச்சானுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை, முகம் வற்றிப்போனது.

ஒரு மத்தியானம் டூட்டி முடிந்து அந்த வழியாக வந்தவள் பார்த்துவிட்டாள். டின்னைப் பிடுங்கி விட்டெறியக் கையை ஓங்கியவள், குழியைப் பார்த்ததும் அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"உனக்கு அது வெறும் குழிடா. அவருக்கு அது என்னன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

அக்கா மெதுவாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. அதற்கே பயந்துபோய், மீதிக் குழிகளைத் தானே வெட்ட மண்வெட்டியைக் கையில் எடுத்தான்.

அவள் சேலையை வரிந்துகொண்டு குழிக்குள் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் கை கொடுத்துத் தூக்கியிருக்கிறாளே தவிர, இறங்கியதில்லை.

"இங்க என்னங்க இருக்கு?"

தலையிலிருந்து கைகளை எடுத்துவிட்டு அவர் சொன்னார். "ரெண்டு பேர் இருந்தோம். நான் மட்டும் ஏறி வந்தேன்."

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திடுக்கிடுவது அதன்பிறகும் நிற்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து விழுந்த பள்ளங்களெல்லாம் இரண்டு பேர் உட்காரும் அகலத்தில் விழுந்தன. சலூனில் மட்டும் அது கொஞ்சம் இடைஞ்சல். பக்கத்து நாற்காலியும் சேர்ந்து இறங்கிவிடும். அதில் இருப்பவர் காலைத் தூக்கிக்கொண்டு, பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.