கட்டிலில் தொங்கிய அட்டை

தொழிற்சாலையில் எனக்கு ஃப்யூஸ் என்று பெயர். சட்டென்று எரிந்து போய்விடுவேனாம். பெயர் வைத்தது வேறு யாருமில்லை, என் கணவன்தான். அப்போது அவன் எனக்கு சீனியர் எலக்ட்ரீஷியன். அந்தப் பெயருக்காக நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. உண்மையைச் சொன்னால் என்ன கோபம்?

பிரசவ வலிக்கு முதுகில் ஊசி போட்டுக்கொள்வது என்று ஏழாவது மாதத்திலேயே முடிவு செய்துவிட்டேன். டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். கால் கனக்கும், உடம்பு நடுங்கலாம், சிலருக்குப் பிறகு தலைவலி வரும் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வேண்டும் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனும் பலமாகத் தலையாட்டினான்.

விஷயம் மாமியார் காதுக்குப் போனதும் வீடு ரெண்டுபட்டது.

"நான் மூணு பெத்தேன். ஒரு ஊசி கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது. பல்லைக் கடிச்சிட்டுப் பெத்தேன்."

"அந்தப் பல்லைப் புடுங்கறப்ப மட்டும் மரத்துப்போற ஊசி கேட்டு வாங்கினீங்களே அத்தை?"

"அது பல்லு. இது புள்ள."

"புள்ள பல்லைவிடப் பெருசாச்சே!"

மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் நல்ல நிம்மதி.

வலி எடுத்தது ஒரு புதன்கிழமை காலை. பிரசவ அறையில் பச்சைத் திரை, காகிதத்தைத் துப்பிக்கொண்டே இருக்கும் ஒரு இயந்திரம், எனக்கு நேர் எதிரே கடிகாரம். அந்த இடத்தில் கடிகாரம் மாட்டியவனுக்குப் பிரசவம் ஆகியிருக்காது. பதினோரு மணிக்கு நர்ஸ் பார்த்துவிட்டு, கருப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார். ஊசி போடச் சொன்னேன். மயக்க மருந்து டாக்டருக்குச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு ஆனது. ஒரு மணி ஆனது. இடுப்புக்குள் யாரோ ஸ்பேனரைப் போட்டுத் திருகினார்கள். திருகி முடித்து நான் மூச்சு வாங்குவதற்குள் மறுபடி திருகினார்கள். கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் கை மரத்துப்போனது. மரக்க வேண்டிய இடம் மட்டும் மரக்கவில்லை.

"சிஸ்டர், டாக்டர் எங்கதான் போனார்?"

நர்ஸ் முகத்தில் ஒரு தயக்கம். "வந்துட்டுத் திரும்பிட்டாரும்மா. படிவத்துல உறவினர் கையெழுத்துக்கு ஒரு இடம் இருக்கு. வெளிய குடுத்தேன். உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு சொல்லிட்டார்."

"வலி யாருக்கு சிஸ்டர்?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப அவரக் கூப்பிடுங்க. பொறுத்துப் பாத்தது போதும்."

வந்தான். பின்னாலேயே மாமியாரும் வந்து வாசலில் நின்றார். மாமியார் எதிரே கணவனை 'நீங்க' என்பது வழக்கம். அன்று அதெல்லாம் காற்றில் போனது.

"நீ யாரு பொறுத்துப் பாக்க?"

"நீ தைரியசாலிடா. இவ்ளோ நேரம் தாங்கிட்டே. இன்னும் கொஞ்ச நேரம்தான்னு அம்மா சொல்றாங்க..."

தைரியசாலி! கையில் எதுவும் இல்லாததால் தப்பித்தான்.

"ஏழு சென்டிமீட்டர் ஆயிடுச்சு. இனியும் தள்ளிப்போட்டா ஊசி போட நேரமிருக்காது" என்றார் நர்ஸ்.

"என் பையை எடு" என்றேன் கணவனிடம்.

பையில் வழக்கம்போல என் சிவப்பு வேலை அட்டை கிடந்தது. எங்கள் தொழிற்சாலையில் எந்த இயந்திரத்தில் கை வைப்பதானாலும் முதலில் மெயினை அணைத்து, அதில் அவரவர் சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். என் அட்டையில் என் படமும் கையெழுத்தும் இருக்கும். மாட்டியவர் வந்து கழற்றும்வரை அந்த சுவிட்சை வேறு யாரும் தொட முடியாது. ஒருமுறை அவசரப்பட்டு அடுத்தவர் அட்டையைக் கழற்றிய சூப்பர்வைசருக்கு அன்றோடு வேலை போனது. புதிதாகச் சேருபவர்களுக்குத் திங்கள்கிழமைதோறும் இதை வாய் கிழியப் பாடம் எடுப்பவன் என் கணவன்.

அட்டையைக் கட்டில் கம்பியில் மாட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"திங்கக்கிழமை வகுப்புல என்ன சொல்லுவே? இப்பச் சொல்லு."

"மாட்டினவங்களத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது."

"யாரு சொன்னாலும்?"

"முதலாளியே சொன்னாலும்."

"உங்கம்மா?"

வாசலைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த வலி வந்து, உச்சிக்கு ஏறி, இறங்கியது.

"அம்மா சொன்னாலும்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் படிவத்தை வாங்கி என் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உறவினர் என்ற இடத்திலும் நானே போட்டேன். அந்த நேரத்தில் எனக்கு என்னைவிட்டால் வேறு உறவு இல்லை. அரக்கப்பரக்க வந்த மயக்க மருந்து டாக்டர், "இதுக்கு உங்க கையெழுத்து மட்டும் போதுமேம்மா, இதை யாரு வெளிய குடுத்தது?" என்றார். நர்ஸ் தரையைப் பார்த்தார்.

தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைத்து, ஒரு வலி முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தைரியம் வேண்டியிருந்தது அதற்குத்தான். கால் மணி நேரத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்கள். இறுக்கம் தெரிந்தது, உயிர் போகவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. ஏழாவது மாதத்திலிருந்து என் வாய் சொன்னதற்கு இல்லாத மரியாதை, ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கு இருந்தது.

நாலரை மணிக்கு மகள் பிறந்தாள். முக்கிப் பெற்றது நான்தான், ஊசி அல்ல.

"வலி தெரியாமப் பெத்துட்டே" என்றார் மாமியார், பேத்தியை வாங்கியபடி.

"ஆமா அத்தை. நல்லாதான் இருந்துச்சு."

கணவன் ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டே கட்டில் கம்பிப் பக்கம் கையை நீட்டினான். "வேலைதான் முடிஞ்சுதே. கழட்டிடட்டுமா?"

"கை வைக்காதே."

"அதான் புள்ள பொறந்துடுச்சே?"

"அடுத்த தடவை அட்டை இல்லாம நான் சொன்னா உன் காதுல விழுமா?"

நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான். "விழும்."

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" என்றேன்.