ஓடுது என்றால் ஓடுது

மொன்டானாவின் மேற்கு மலைக்காட்டில் தீக் கண்காணிப்புக் கோபுரம் ஏறுவதற்கு முன்னால், வெர்ன் டாஸ்ட்ரட் இருபத்திரண்டு வருஷம் உள்ளூர் வானொலியில் பள்ளிக்கூட அமெரிக்க ஃபுட்பால் வர்ணனை செய்தவர். அந்தத் தொழிலில் எதுவும் சும்மா நடக்கக் கூடாது, பொங்க வேண்டும். நாற்பது பேர் வந்தால் ஜனம் அலைமோதும். தூறல் விழுந்தால் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும். எங்கள் ஊர்ப் பையன்கள் நாற்பத்திரண்டுக்குப் பூஜ்யம் என்று உதை வாங்கிக்கொண்டிருந்தபோதும், வெர்ன் குரலில் ஆட்டம் அப்போதுதான் சூடுபிடித்தது. ஊரும் அதைக் குறை சொல்லவில்லை. தோற்கிற ஊருக்கு அப்படி ஒரு குரல் தேவைதான்.

காட்டில் அந்தக் குரல் செல்லுபடியாகவில்லை. தீ வளர்வதைச் சொல்ல அங்கே ஆறே வார்த்தைகள். மண்ணுக்குள் புகைந்துகொண்டிருந்தால் கனலுது. சருகில் மெல்ல நகர்ந்தால் ஊருது. புல்லைப் பிடித்து வேகம் எடுத்தால் ஓடுது. தனி மரம் அடியிலிருந்து நுனிவரை பற்றினால் பந்தமாகுது. பொறி பறந்து தள்ளிப்போய் விழுந்தால் தாவுது. மர உச்சி விட்டு மர உச்சிக்குப் போனால் முடியேறுது. ரேடியோவில் இந்த ஆறுக்கு வெளியே பேச்சே கிடையாது. கீழே அலுவலகத்தில் இருப்பவன் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுத்தான் மண்வெட்டியை அனுப்புவதா, ஹெலிகாப்டரை அனுப்புவதா என்று முடிவெடுப்பான்.

வெர்ன் முதல் கோடையிலேயே ஆறாவது வார்த்தைக்குப் போய்விட்டார். ஒரு ராத்திரி முழுக்க மழை. விடிந்து வெயில் பட்டதும் பள்ளத்தாக்கெங்கும் வெள்ளை வெள்ளையாக ஏதோ எழுந்தது. கோபுரத்துக்குப் புதிதாக வருகிற எவரும் முதல் வாரம் அதைப் பார்த்து ஏமாறுவதுண்டு. ஆனால் ஏமாந்தவர்கள் அடக்கமாக "புகை மாதிரி இருக்கு" என்பார்கள். வெர்ன் ரேடியோவைப் பிடித்து, "முடியேறுது! மலையே முடியேறுது!" என்று முழங்கினார். ஹெலிகாப்டர் போய் இரண்டு சுற்றுச் சுற்றியது.

"தீயைப் பாத்துட்டேன்" என்றார் விமானி. "நல்லா நனைஞ்சிருக்கு. அது பனிமூட்டம், சாமி."

அடுத்த வருஷம் பயிற்சிக்குப் போனபோது, அலுவலகச் சுவரில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'டாஸ்ட்ரட் சொன்னால் இரண்டு படி இறக்கு.' எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் வெர்ன். பிறகு வெளியே வந்து, பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து, சாவி போடாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் அவர் நாக்கோடு குடித்தனம் நடத்தியதை ஒரு நாடகமாகவே போடலாம். ஜூனில் மின்னல் விழுந்து ஒரு பைன் மரம் புகைந்தது. தொண்டை வரை ஒரு முழு வர்ணனை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, வற்றிய குரலில், "கனலுது" என்றார். எதிர்முனையில் அலுவலக ரேடியோவில் உட்காரும் நோரீன் ப்ரூயிட், "உடம்பு சரியில்லையா, வெர்ன்?" என்று கேட்டாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மிங்க் ஓடைச் சரிவில் இரண்டு ஏக்கர் எரிந்து அடங்கியிருந்தது. தீயணைப்புக் குழுத் தலைவன் டேரில் ஓக்கனும் அவனுடைய ஏழு ஆட்களும் மிச்சக் கங்கை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அப்போது மேற்கிலிருந்து காற்று திரும்பியது.

கோபுரத்திலிருந்து பார்த்த வெர்னுக்கு, டேரிலுக்குத் தெரியாதது தெரிந்தது. அவர்கள் நிற்கிற இடத்துக்கும் கீழே, ஒரு பாறை முதுகுக்கு அந்தப் பக்கம், காய்ந்த புல்லில் ஆரஞ்சு நிறமாக ஒரு கோடு. அது சரிவில் மேலே வந்துகொண்டிருந்தது.

ஓடுது. மூன்றாவது வார்த்தை.

பொத்தானில் கட்டைவிரல் வைத்தபோதுதான் கணக்கு உறைத்தது. மூன்றிலிருந்து இரண்டு இறக்கினால் ஒன்று. ஓடுது என்று சொன்னால் கனலுது என்றுதான் அவர்கள் காதில் விழும்; நகரமாட்டார்கள். தாவுது என்று சொன்னால்? ஐந்தில் இரண்டு போனால் மூன்று. சரியான இடத்தில் போய் நிற்கும். எட்டுப் பேரும் மேலே ரோட்டுக்கு ஏறி வந்துவிடுவார்கள். ஒரே ஒரு பொய். அதுவும் அவருக்குப் பழக்கமான பொய். ஆனால் அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வருகிற எந்தச் சொல்லுக்கும் எடை இருக்காது. நாளைக்கு இன்னொரு சரிவில் நிற்பவர்கள் எத்தனை இறக்குவார்கள், யார் கண்டது?

"நோரீன், வெர்ன் பேசறேன். மிங்க் ஓடைச் சரிவு, பாறை முதுகுக்கு மேற்கே. டேரில் ஆளுங்களுக்குக் கீழே. ஓடுது."

முந்திக்கொண்டு பதில் சொன்னவன் டேரில். "என்ன வர்ணனையாளரே, எத்தனாவது பாதி ஆட்டம்?" பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. "ரெண்டு படி இறக்கினா கனலுது. அதைத்தான்யா மண்ணு போட்டு மூடிக்கிட்டிருக்கோம்."

"டேரில், ஓடுது." வெர்ன் சரிவை மறுபடி பார்த்தார். "தாவலை. மரம் எதுவும் பத்தலை. புல்லுல ஓடுது, உங்களைப் பாத்து ஓடுது. இதுக்கு மேல சொல்ல என்கிட்ட வார்த்தை இருக்கு. ஆனா அது இன்னும் நடக்கல."

நோரீன் குறுக்கிட்டாள்.

"டேரில், நான் சொல்றதைக் கேளு. அவர் சொன்னதுல எதையும் இறக்காத. இந்த வருஷம் பதினாலு தடவை சொல்லியிருக்காரு. ஒவ்வொரு தடவையும் போய்ப் பாத்துட்டு வந்தவங்ககிட்ட என்னா இருந்துச்சுன்னு கேட்டேன். பதினாலும் அப்படியே இருந்துச்சு. அந்தச் சீட்டை ஜூலையிலேயே கிழிச்சுப் போட்டாச்சு. ஓடுதுன்னா ஓடுது. ஆளைக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு ஏறு."

"கிழிச்சுட்டியா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே!"

"இப்ப சொல்றேன்ல? ஏறுடா!"

வெர்ன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக மரங்களுக்கு நடுவே மேலே நகர்ந்தன. ஐந்து வரை எண்ணினார். ஒரு தொப்பி எதையோ எடுக்கத் திரும்பி இறங்கியது. இருபத்திரண்டு வருஷம் மைக்கில் சொல்லாமல் அடக்கிய அத்தனை வசவுகளையும் அதற்காகவே செலவழித்தார், பொத்தானை அழுத்தாமல். அந்தத் தொப்பி மறுபடி ஏறியது. ஆரஞ்சுக் கோடு பாறை முதுகைத் தாண்டியது. சற்றுமுன் அவர்கள் நின்ற இடம் புகைக்குள் போய்விட்டது.

பதினெட்டு நிமிஷம் கழித்து டேரில் மூச்சு வாங்கிக்கொண்டே ரேடியோவில் வந்தான். அவன் குரலில் கேலி இல்லை.

"எட்டுப் பேரும் ரோட்டுல இருக்கோம். எங்களுக்கு இங்கிருந்து ஒண்ணும் தெரியல. கீழ என்ன நிலவரம்ணே? நீங்க சொல்லுங்க."

பள்ளத்தாக்கு முழுக்க இருந்த ரேடியோக்கள் வாய்மூடிக் காத்திருந்தன. ஹெலிகாப்டர்காரர், பக்கத்து மலைக் கோபுரக்காரர், நோரீன், எல்லோரும். இவ்வளவு பெரிய கூட்டம் வெர்னுக்கு ஃபுட்பாலில்கூடக் கிடைத்ததில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டார். அவசரப்படவில்லை. மறுபடி ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"பந்தமாகுது" என்றார். "மூணு மரம்."

இன்னொரு ஃபர் மரம் அடியிலிருந்து நுனிவரை பற்றியது.

"நாலு."

"நாலு" என்றான் டேரில், பக்கத்திலிருந்தவர்களிடம். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.